பழைய ஹைலக்ஸ் கைக்கு வந்தபின் முதலில் செய்ய வேண்டியவை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் வசிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. 2010ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் 3.0 டி-4டி டீசல் பக்கி (பின்னால் சுமைத்தட்டு உள்ள பிக்கப் வண்டி) ஒன்றை, இரட்டைக் கேபினும் ஃபோர் வீல் டிரைவும் மேனுவல் கியரும் உள்ளதை, 2,40,000 கிலோமீட்டர் ஓடிய நிலையில் வாங்கியிருக்கிறார். செப்டம்பரில் குடும்பத்தோடு லெசோத்தோ எல்லையிலுள்ள சானி கணவாய் மலைப்பாதையில் ஏறவும், டிசம்பர் விடுமுறையில் வடக்குக் கடற்கரையிலுள்ள கோசி பே வரை போகவும் எண்ணியிருக்கிறார். செலவுக்கென்று ஒரு தொகையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, லிஃப்ட் கிட் (வண்டியைத் தரையிலிருந்து உயர்த்தும் பாகங்கள்), பெரிய டயர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் மோட்டார்), கூரைக் கூடாரம் ஆகிய நான்கில் எதை முதலில் வாங்குவது என்று கேட்கிறார்.

நான்கில் எதையும் இப்போது வாங்க வேண்டாம் என்பதே என் பதில். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இந்த வண்டியால் சானி கணவாய் ஏற முடியும், கோசியின் மணலிலும் ஓட முடியும். இவ்வளவு தூரம் ஓடிய வண்டி வழியில் நின்றுபோனால், பெரும்பாலும் அதற்குக் காரணம் தேய்ந்த பெல்ட்டோ, அடைத்துக்கொண்ட ரேடியேட்டரோ, வயதான டயரோதான். புதிதாக மாட்டாமல் விட்ட பொருள் எதுவும் காரணமாக இருப்பதில்லை. ஆகவே ஒதுக்கிய தொகையில் பெரும்பகுதி, வண்டியில் ஏற்கெனவே இருப்பதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரச் செலவாக வேண்டும். அதன்பின் டயரும் காற்றும், அதன்பின் சிக்கினால் பத்திரமாக வெளியே எடுக்கும் கருவிகள். மற்றவற்றை ஓராண்டு ஓட்டிப் பார்த்தபின் முடிவு செய்யலாம்.

பெயர் மாற்றத்துக்காக எடுத்த ரோட்வொர்தி சான்றிதழ், அதாவது சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்று, கையில் இருப்பதால் வண்டி நல்ல நிலையில்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோதனை பிரேக், ஸ்டியரிங், விளக்கு, டயர் போன்றவற்றை அன்றைய நிலையில் பார்க்கிறது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது, டிஃபரன்ஷியலுக்குள் (அச்சின் நடுவே இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பல்சக்கரப் பெட்டி) இருப்பது எண்ணெயா, தண்ணீர் கலந்த குழம்பா என்பதை அது சொல்லாது. முந்தைய உரிமையாளரின் சர்வீஸ் புத்தகத்தில் ரசீதோடு பதிவான வேலைகளை மட்டும் நடந்தவையாக எடுத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொன்ன எல்லாவற்றையும் நடக்காதவையாகவே கருதி மறுபடி செய்துவிடுங்கள்.

முதல் வேலை டைமிங் பெல்ட். பின்னர் வந்த 2.8 ஜிடி-6 எஞ்சினில் சங்கிலி இருக்கிறது; உங்கள் 3.0 டி-4டி எஞ்சினில் இருப்பது பெல்ட். அது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதி, எஞ்சினின் மேற்பகுதி முழுவதையும் பிரிக்க வேண்டியதாகிவிடும். பெல்ட் மாற்றும் காலம் வந்ததும் மீட்டர் பலகையில் ஒரு விளக்கு எரியும். ஆனால் பெல்ட்டைத் தொடாமலேயே அந்த விளக்கை அணைத்துவிட முடியும் என்பதால், விளக்கு எரியவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. ரசீது இல்லையென்றால் பெல்ட்டையும் டென்ஷனரையும் மாற்றி, அதே நேரத்தில் வாட்டர் பம்பையும் பார்த்து, மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் மூடியின் மேல் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

இந்த எஞ்சினைத் தெரிந்தவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி இன்ஜெக்டர் சீல்களைப் பற்றியது. இன்ஜெக்டரின் அடியில் உள்ள செப்பு சீல் கசியத் தொடங்கினால், எரிந்த வாயு வால்வு மூடிக்குள் புகுந்து எஞ்சின் எண்ணெயைத் தடித்த கரியாக்கும். அந்தக் கரி, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பில் இருக்கும் எண்ணெய் உறிஞ்சும் வலையை மெல்ல மெல்ல அடைக்கும். எண்ணெய் அழுத்தம் குறையும். ஒருநாள் நெடுஞ்சாலை வேகத்தில் பேரிங்குகள் உலர்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது மூச்சுவிடுவது போன்ற சத்தம் கேட்டாலோ, எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் தார் போன்ற படிவு ஒட்டியிருந்தாலோ உடனே சீல்களை மாற்றி, சம்பைக் கழற்றி வலையைச் சுத்தம் செய்யுங்கள். அறிகுறி எதுவும் தென்படாவிட்டாலும் இந்த வயது வண்டியில் வலையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. லிஃப்ட் கிட்டைவிடக் குறைந்த செலவில் முடியும் இந்த வேலை எஞ்சினின் ஆயுளையே தீர்மானிக்கிறது.

எண்ணெய்களைப் பொறுத்தவரை, எஞ்சின் எண்ணெயை மட்டும் மாற்றிவிட்டு சர்வீஸ் முடிந்தது என்று சொல்லும் பட்டறைகள் உண்டு. ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி), முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல் என்று மேலும் நான்கு இடங்களில் தனித்தனி எண்ணெய் இருக்கிறது. நான்கையும் மாற்றுங்கள், நீங்களே செய்வதானால், ஊற்றும் திருகை முதலில் திறந்து பார்த்துவிட்டு, அது திறந்தால் மட்டும் வடிக்கும் திருகைத் தொடுங்கள். வடித்தபின் ஊற்றும் திருகு துருப்பிடித்துத் திறக்க மறுத்தால் வண்டியை அசைக்கவே முடியாது. வடிக்கும் திருகின் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டியிருப்பது இயல்பு. பல் உடைந்த துண்டுகள் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த ஆற்று நீருக்குள் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மூச்சுத்துளை வழியாகவும் சீல் வழியாகவும் நீரை உறிஞ்சுவதால் இது நேர்கிறது. அந்த மூச்சுத்துளைகளை ரப்பர் குழாய் மாட்டி எஞ்சின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோவதுதான், புதிதாகச் சேர்க்க வேண்டியவற்றில் நான் முதலில் சொல்வது. மிகவும் மலிவானது, பலன் மிகப் பெரியது.

புரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட்டுகளுக்கும் நழுவு இணைப்புக்கும் கிரீஸ் அடிக்கச் சொல்லுங்கள். நகரத்திலேயே ஓடிய வண்டிகளில் இதைப் பெரும்பாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

கூலிங் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. கூலன்ட்டை முழுவதும் வடித்துக் கழுவிக் கையேடு சொல்லும் வகையை நிரப்புங்கள்; வேறு வகைகளைக் கலந்தாலோ வெறும் குழாய்த் தண்ணீர் சேர்த்தாலோ உள்ளே படிவு கட்டும். ரேடியேட்டர் மூடி, தெர்மோஸ்டாட், குழாய்கள், ஃபேன் கிளட்ச் ஆகியவற்றையும் பாருங்கள். ரேடியேட்டரின் முன்னால் ஏர்கண்டிஷனர் கண்டென்சர் நிற்பதால், இரண்டுக்கும் இடையில் சேரும் புல்லும் சேறும் வெளியிலிருந்து தெரியாது. பிரித்துக் கழுவினால்தான் தெரியும். சானியில் முதல் கியரில், மெதுவாக, எதிர்க்காற்று இல்லாமல் ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்றைத் தருவது அந்த ஃபேன் மட்டுமே.

டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றும்போது ஏர் ஃபில்டர் பெட்டியின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். ஃபில்டருக்கு அப்பால், எஞ்சின் பக்கத்தில் தூசி இருந்தால் பெட்டி சரியாக மூடவில்லை என்று அர்த்தம். தூசி தின்ற எஞ்சினை எந்த எண்ணெயும் காப்பாற்றாது.

இனி நம் கடற்கரைக்கே உரிய இரண்டு ஆபத்துகள். முதலாவது உப்பு. 2002 முதல் தென்னாப்பிரிக்கக் கடற்கரைகளில் பொழுதுபோக்குக்காக வண்டி ஓட்டுவது தடை செய்யப்பட்டிருப்பதால் வண்டியில் உப்புநீர் பட்டிருக்காது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அனுமதி பெற்ற இடங்களில் படகை இறக்க வண்டிகள் நீர்விளிம்பு வரை போகின்றன. குவாசுலு-நட்டாலில் கைமாறும் பக்கிகளில் மீன்பிடிப் படகு இழுத்தவை குறைவல்ல. டோ பாரின் (பின்னால் படகு, டிரெய்லர் மாட்டும் இரும்புச் சட்டம்) உட்புறம், லீஃப் ஸ்பிரிங் தொங்கும் கொக்கிகள், பின் ஆக்சிலின் மேல் ஓடும் பிரேக் குழாய்கள், பின்சக்கர டிரம்களின் உட்புறம், சேஸிஸின் உள்குழி ஆகியவற்றை விளக்கடித்துப் பார்த்து, சுத்தியின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். மேலே கறுப்புப் பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள். தகடு கெட்டியாக இருந்தால் கம்பித் தூரிகையால் தேய்த்து, சேஸிஸின் உள்ளே மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயைப் பீய்ச்சினால் போதும்.

இரண்டாவது வெள்ளம். 2022 ஏப்ரலில் டர்பனைச் சூழ்ந்த பெருவெள்ளம், ஹைலக்ஸ் தயாரிக்கப்படும் புரொஸ்பெக்டன் தொழிற்சாலையையே மூழ்கடித்தது நினைவிருக்கும். அப்போது ஊரில் நின்றிருந்த வண்டிகளும் நனைந்தன. உங்களுடையது அவற்றில் ஒன்றா என்று அறிய, சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்து அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். டாஷ்போர்டின் அடியிலுள்ள மின் இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியின் வயரிங் கோளாறு ஆண்டுகள் கழித்தும் தலைதூக்கும். அப்படிப்பட்ட வண்டியில் கூடுதல் பேட்டரியோ விளக்கோ பொருத்துவது வீண்செலவு.

பிரேக்கைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லை. சானிக்குப் போகிறவர் முதலில் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் வெப்பநிலை குறையும். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது முறை. எப்போது மாற்றினார்கள் என்று தெரியாத நிலையில் இன்றே மாற்றுங்கள். முன் டிஸ்க், பேட், ரப்பர் குழாய்கள், பின் டிரம்மில் சிலிண்டர் கசிவு ஆகிய அனைத்தையும் கழற்றிப் பாருங்கள். கூடவே முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பால் ஜாயின்ட், டை ராட் முனை, வீல் பேரிங், கன்ட்ரோல் ஆர்ம் புஷ் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்று சோதித்து, மாற்ற வேண்டியதை மாற்றியபின் வீல் அலைன்மென்ட் செய்யுங்கள். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் வழிந்திருந்தால் அதே உயரத்துக்கான தரமான புதியதைப் போடுங்கள். லிஃப்ட் வேண்டும் என்று தோன்றும் பல வண்டிகளுக்கு உண்மையில் வேண்டியது உயிருள்ள ஷாக் அப்சார்பர்தான்.

ஃபோர் வீல் டிரைவ் நெம்புகோல் வேலை செய்கிறதா என்பதையும் வீட்டருகிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். மண்சாலையிலோ ஈரப் புல்வெளியிலோ ஹை ரேஞ்சிலும், மெதுவான வேகத்தில் அதிக இழுவை தரும் லோ ரேஞ்சிலும் போட்டுப் பாருங்கள். இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலச் செய்யும் பின் டிஃப் லாக்கின் விளக்கு மினுக்காமல் நிலைத்து எரிகிறதா என்று கவனியுங்கள். ஆண்டுக்கணக்கில் தொடாத வண்டிகளில் இவற்றை இயக்கும் பாகங்கள் இறுகிப்போயிருக்கும். மாதம் ஒருமுறை இளகிய தரையில் சில கிலோமீட்டர் போட்டு ஓட்டுவது சீல்களுக்கும் நல்லது. தார்ச் சாலையில் மட்டும் போடாதீர்கள். இந்த வண்டியில் நடு டிஃபரன்ஷியல் இல்லாததால், திரும்பும்போது முன் பின் சக்கரங்களின் வேக வேறுபாட்டுக்கு வழியின்றி இயக்கப் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும்.

டயருக்கு வருவோம். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்க எண் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும்; 2314 என்றால் 2014இன் 23ஆவது வாரம். சட்டப்படி தடத்தின் ஆழம் 1 மில்லிமீட்டர் இருந்தால் போதும், ஆனால் சரளைக்கல் பாதையில் அது ஒன்றுக்கும் உதவாது. ஸ்பேர் டயர் உட்பட ஐந்தின் வயதையும் பாருங்கள்; வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்பேரைச் சங்கிலியில் இறக்கிப் பார்ப்பதும் அவசியம், ஏனெனில் நம் ஊரின் கடற்காற்றில் அந்தச் சங்கிலியும் துருப்பிடித்து நின்றுவிடுகிறது. மாற்றுவதானால் தொழிற்சாலை அளவிலேயே, எடை தாங்கும் குறியீடு குறையாமல், ஆல் டெரெய்ன் வகையை வாங்குங்கள். பெரிய டயரின் விலை கடையில் கொடுக்கும் பணத்தோடு முடிவதில்லை. 265/70 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 777 மில்லிமீட்டர், 285/75 ஆர்16 டயருடையது ஏறத்தாழ 834. அதாவது சுமார் 7 விழுக்காடு கூடுதல். சரியாகக் காட்டும் ஸ்பீடோமீட்டர் 100 என்று காட்டும்போது நீங்கள் 107இல் போவீர்கள். எல்லாக் கியரும் அதே அளவு உயர்ந்து இழுவை குறையும். பிரேக்குக்கும் கிளட்சுக்கும் வேலை கூடும். ஏற்றத்துக்காக வாங்கிய டயரே ஏற்றத்தில் வண்டியைத் தளர்த்திவிடும்.

அளவை மாற்றுவதைவிடக் காற்றை மாற்றுவதே அதிகம் உதவும். நல்ல பிரஷர் கேஜ் ஒன்றும், பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் கம்ப்ரஸர் ஒன்றும் வாங்குங்கள். மூச்சுத்துளைக் குழாய்களுக்கு அடுத்து, இந்தப் பயணங்களுக்கு நான் கட்டாயம் என்று சொல்லும் புதுப்பொருள்கள் இவை. சரளைச் சாலையில் சுமையைப் பொறுத்து 1.6 முதல் 1.8 பார் வரை இறக்கினால் வண்டி பிடிப்போடு போகும், டயரும் குறைவாகக் கிழியும். கோசி முகத்துவாரத்துக்குப் போகும் ஆழ்மணலில் 1.0 முதல் 1.2 பார். அதற்கும் கீழே 0.8 வரை இறக்குவது சிக்கிய வேளைக்கு மட்டும். அந்த நிலையில் வேகமாகத் திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச் சாலை வந்ததும் மீண்டும் ஏற்றிய பிறகே வேகமெடுக்க வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறி வெடிக்கும்.

சிக்கியதை எடுக்க வின்ச் தேவை என்று நினைக்கிறீர்கள். வேறு வண்டியோடு சேர்ந்து போகிறவருக்கு முதல் ஆண்டில் ஒரு நீண்ட கைப்பிடி மண்வெட்டி, இரண்டு மணல் பலகைகள், ஒரு கைனடிக் பட்டை (நீண்டு சுருங்கி இழுக்கும் பட்டை), தாங்கும் எடை குறித்த இரண்டு ஷேக்கிள்கள் (பட்டையை மாட்டும் இரும்பு வளையங்கள்) போதும். 19 மில்லிமீட்டர் ஷேக்கிளில் 4.75 டன் என்று பொறித்திருக்கும். ஒன்றும் பொறிக்காததை வாங்காதீர்கள். மிக முக்கியம், சேஸிஸில் தரமான போல்ட்டுகளால் பிணைத்த, எடை குறித்த இழுவைக் கொக்கிகள் முன்னும் பின்னும் வேண்டும். முன்னால் உள்ள மெல்லிய வளையங்கள் பல வண்டிகளில் லாரியில் கட்டி ஏற்றுவதற்காக வைத்தவை, இழுவைக்கு உரியவை அல்ல. டோ பாரின் உருண்டையில் ஒருபோதும் பட்டையை மாட்டக் கூடாது. பட்டை நீண்டு சுருங்கும் விசையில் அந்த உருண்டை முறிந்து பறந்து உயிர்களை வாங்கியிருக்கிறது. இழுக்கும்போது குழந்தைகளையும் வேடிக்கை பார்ப்பவர்களையும் பட்டையின் நீளத்தைவிட இரு மடங்கு தள்ளி நிறுத்துங்கள். இதை இரண்டாம் முறை சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை: டோ பார் உருண்டை இழுவைக் கொக்கி அல்ல.

மீதமுள்ளவற்றில் எடை ஒன்றே பேச வேண்டிய பொருள். கதவோரத் தகட்டில் வண்டியின் மொத்த எடை வரம்பு இருக்கும். இரும்பு முன் பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் 100 கிலோவை ஒட்டி வரும், கூரைக் கூடாரம் 50 கிலோவுக்கு மேல், 60 லிட்டர் தண்ணீர் 60 கிலோ. ஐந்து பேரும் சாமானும் ஏறியபின் வரம்பு எளிதில் தாண்டிவிடும். வரம்பை மீறிய சுமையைப் பின் சக்கரங்களுக்குப் பின்னால் வைத்து, லீஃப் ஸ்பிரிங்குக்கும் சேஸிஸுக்கும் இடையில் காற்றுப் பையும் வைத்தால், மேடு பள்ளத்தில் சேஸிஸே வளையக்கூடும். லிஃப்ட் செய்யத்தான் வேண்டும் என்றால், பொருத்தப் போகும் பொருள்களின் எடை முடிவானபின், அதற்கேற்ற ஸ்பிரிங்கோடு 40 முதல் 50 மில்லிமீட்டருக்குள் செய்யுங்கள். பின் ஆக்சிலின் உயரத்தைப் பார்த்துப் பின் பிரேக்கின் விசையைச் சரிசெய்யும் வால்வு உங்கள் வண்டியில் இருந்தால், உயர்த்தியபின் அதையும் மறுபடி அமைக்க வேண்டும். பல பட்டறைகள் இதை மறந்துவிடுகின்றன. எந்த மாற்றமானாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எஞ்சினுக்குக் காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுக்கும் நீர்மூச்சுக் குழாய், அதாவது ஸ்னார்க்கல், தூசியில் கொஞ்சம் உதவும். அதை மாட்டியதால் வண்டி நீர்புகாதது ஆகிவிடாது. விளக்குப் பட்டை இப்போது தேவையில்லை. அதற்குப் பதில், நீண்ட புல் வளர்ந்த தடத்தில் போகும்போது ரேடியேட்டரின் முன் கட்டும் விதைத் தடுப்பு வலையும், கைக்கெட்டும் இடத்தில் தீயணைப்பானும் வைத்துக்கொள்ளுங்கள். இரு தடங்களின் நடுமேட்டில் வளரும் காய்ந்த புல் எக்ஸாஸ்ட் குழாயருகே சேர்ந்து தீப்பற்றி, முழு வண்டியும் எரிந்துபோவது தென்னாப்பிரிக்காவிலும் போட்ஸ்வானாவிலும் அறியப்பட்ட விபத்து. புல்வெளியில் ஓடும்போது அவ்வப்போது நிறுத்தி வண்டிக்கு அடியில் குனிந்து பாருங்கள்.

பயணங்களின் வரிசையைப் பற்றியும் ஒரு சொல். எல்லா வேலையும் முடிந்தவுடன் நேராக சானிக்குப் போகாமல், முதலில் டர்பனிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய மண்சாலையில் முழுச் சுமையோடு ஓட்டிவிட்டு, திரும்பியதும் கசிவு, தளர்ந்த போல்ட், டயர் தேய்மானம் ஆகியவற்றைச் சரிபாருங்கள். டைமிங் பெல்ட், பிரேக், கூலிங் மூன்றும் முடியாமல் செப்டம்பர் வந்துவிட்டால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். சானியின் உச்சி 2,876 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் 30 விழுக்காடு குறைவு. டர்போ இருப்பதால் உங்கள் எஞ்சின் அதைச் சமாளிக்கும், ஆனால் எஞ்சின் சுற்று குறைந்தால் இழுவை சட்டென்று விழும். லோ ரேஞ்சில் ஏறுங்கள். இறங்கும்போதும் லோ ரேஞ்ச் முதல் கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தட்டும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விடுங்கள். செப்டம்பரிலும் நிழல் விழும் வளைவுகளில் பனிக்கட்டி கிடக்கலாம், ஆகவே உச்சி வளைவுகளை வெயில் ஏறியபின் தொடுமாறு கிளம்புங்கள். எல்லைச் சாவடி மாலையில் மூடப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். லெசோத்தோவுக்குள் நுழைய அனைவரின் பாஸ்போர்ட்டும் வண்டியின் பதிவுத் தாளும் வேண்டும். வண்டி வங்கிக் கடனில் இருந்தால் எல்லை கடக்க அனுமதிக்கும் வங்கியின் கடிதமும் வேண்டும், அதைப் புறப்படுவதற்குச் சில வாரம் முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.